சட்டமில்லா அலமாரியும் சிக்கனச் சமையலறையும்

தில்லியிலும் அதனைச் சூழ்ந்த நொய்டா, குருகிராம், காஜியாபாத் முதலிய நகரங்களிலும் குடியேறியுள்ள நம் தமிழ் அன்பர்களுள் சொந்த வீடு வாங்கியோர் பலர். வீடு வாங்கி முடித்துக் கையில் எஞ்சியது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும் வேளையில், இல்லத்தரசியார் முன்வைக்கும் முதற் கோரிக்கை பெரும்பாலும் சமையலறையைப் பற்றியதாகவே இருக்கக் காண்கிறோம். அது நியாயமான கோரிக்கையே. விருந்தினர் அரைமணி நேரம் அமர்ந்து செல்லும் கூடத்தைக் காட்டிலும், வீட்டார் காலையும் மாலையும் நின்று உழைக்கும் இடத்தை முதலில் சீர்செய்வதுதான் முறை.

இன்று 'மாடுலர் கிச்சன்' என வழங்கும் சமையலறையின் உயிர்நாடி, ஐரோப்பியர் வகுத்த சட்டமில்லா அலமாரியாகும். கண்ணாடிச் சுவருக்குப் பின்னே விளக்கொளியில் மின்னும் அவ்வலமாரிகளைக் கண்டு, விலைச்சீட்டைப் படித்து, மலைத்துத் திரும்பியோர் நம்மிடையே பலர். அப்போது மலைக்காமல் தவணைக் கடனில் வாங்கிவிட்டுப் பின்னர் மலைத்தோரும் சிலர் உளர். நாம் விசாரித்தறிந்த வரையில், இந்த அலமாரி நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத பொருள் அன்று. பணம் கரைவது பெரும்பாலும் கண்ணைக் கவரும் முகப்பிலேயே. அலமாரியின் ஆயுளை நிர்ணயிக்கும் பகுதிகளோ கண்ணுக்குப் படாமல் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்கு ஆகும் செலவு அத்துணைப் பெரிதன்று.

சட்டமில்லா அலமாரி என்பது யாது? அமெரிக்க முறையில், பலகைப் பெட்டியின் வாயைச் சுற்றி ஒன்றரை அங்குல அகலமுள்ள மரச்சட்டம் ஒன்றை அடித்து, அச்சட்டத்தில் கதவைப் பொருத்துவர். நம் நாட்டுப் பழைய வீடுகளிலோ, மேடைக்குக் கீழே செங்கற் சுவரோ கடப்பைக் கல்லோ நிறுத்தி, அதில் மரநிலை பதித்துக் கதவு வைப்பது வழக்கம். ஐரோப்பிய முறையில் நிலையும் இல்லை, சட்டமும் இல்லை. பெட்டியின் பக்கப் பலகையிலேயே கீல் அமர்கிறது; கதவு பெட்டியின் வாய் முழுவதையும் மூடிக்கொள்கிறது. இதனால் விளையும் இலாபத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 600 மி.மீ. அகலமுள்ள பெட்டியில், 18 மி.மீ. பக்கப் பலகைகள் இரண்டையும் கழித்தால் 564 மி.மீ. வாய் கிடைக்கிறது. சட்டம் அடித்த பெட்டியிலோ 524 மி.மீ. அளவே மிஞ்சும். ஐந்து பெட்டிகள் வரிசையாக நின்றால் ஏறத்தாழ எட்டு அங்குலம் மிச்சம். நான்கரை அங்குலச் செங்கற் சுவர்களை நீக்கிவிட்டு இப்பெட்டிகளை வைப்போர்க்கு இலாபம் இன்னும் அதிகம். தில்லி அடுக்ககங்களின் சிறிய சமையலறையில் எட்டு அங்குலம் என்பது ஓர் இழுப்பறையின் அகலமாகும்.

இம்முறையின் வரலாற்றில், ரயில்வேயில் பணிபுரியும் நமக்குச் சிறிது பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. பிராங்க்பர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மாய் என்னும் கட்டடக் கலைஞரின் தலைமையில் எளிய குடும்பங்களுக்காகப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுக்கான சமையலறையை 1926 ஆம் ஆண்டில் வகுத்தவர், வியன்னாவைச் சேர்ந்த மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர். அவர் முன்மாதிரியாகக் கொண்டவற்றுள் ஒன்று, ரயில் வண்டியின் உணவுப் பெட்டியிலுள்ள சமையற்கட்டு! ஓடும் வண்டியின் குறுகிய இடத்தில், இரண்டடி எடுத்து வைக்காமலே எல்லாச் சாமானும் கைக்கு எட்டுமாறு அமைந்திருப்பதைக் கண்டு, அதே முறையை வீட்டுக்குள் கொணர்ந்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 அடிக்கு 11 அடி, அளவே உள்ள அவ்வறை சுமார் 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகளும் அதில் இருந்தன. நம் அஞ்சறைப் பெட்டியை எண்ணிப் பார்க்கும்போது, அந்த அம்மையாரின் கருத்து நம் பாட்டிமாருக்குப் புதிதாகத் தோன்றியிராது. அவர் 102 வயது வரை வாழ்ந்து 2000 ஆம் ஆண்டில் மறைந்தார். இன்று செல்வர்க்குரியதெனக் கருதப்படும் சமையலறை, எளியோரின் வாடகை வீட்டுக்கென்றே பிறந்தது என்பதை வாங்கப் போவோர் நினைவிற் கொள்வது நலம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரம் அரிதாகிவிட்ட ஜெர்மனியில், மரத்தூளையும் சீவலையும் பசையிட்டு அழுத்திய பலகையைக் கொண்டு பெட்டிகள் செய்யத் தலைப்பட்டனர். அப்போது தோன்றியதே 32 மி.மீ. முறை. பக்கப் பலகையில், முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. விட்டமுள்ள துளைகள் 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாக இடப்படுகின்றன. துளையிடும் பொறியின் ஊசிகளை அதனினும் நெருக்கமாக அமைக்க அக்காலத்தில் இயலாமையே அவ்வளவுக்குக் காரணம் என்பர். கதவில் 35 மி.மீ. விட்டமுள்ள குழியொன்று குடைந்து கீலின் கிண்ணத்தை அதில் இறக்குவர். ஜெர்மனியின் ஹெட்டிக், ஹாபெலே, ஆஸ்திரியாவின் புளூம், நம் நாட்டு எப்கோ ஆகிய எந்த நிறுவனத்தின் கீலாயினும் அக்குழியில் அமரும். ஒரு நிறுவனத்தின் பெட்டி, மற்றொன்றின் கீல், மூன்றாமவரின் கதவு எனச் சேர்த்துக்கொள்ள இதனால் வழி ஏற்படுகிறது. முழுச் சமையலறையையும் ஒரே கடையில், அவர் கூறும் விலைக்கே வாங்கித் தீரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. சிக்கனத்தின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

நம் சங்க அன்பர் ஒருவரின் அனுபவத்தை இங்கே கூறுதல் வேண்டும். கண்ணாடி போல் பளபளக்கும் அக்ரிலிக் கதவுகளுடன் கூடிய சமையலறையை மூன்றாண்டுத் தவணைக் கடனில் அமைத்துக்கொண்டார். முதல் மழைக்காலம் கழிந்தது. இரண்டாம் மழைக்காலத்தில், பாத்திரம் துலக்கும் தொட்டியின் கீழிருந்த பெட்டியின் அடித்தட்டு, ஊறிய அவல் போல் பருக்கத் தொடங்கிற்று. கீலின் திருகாணிகள் பிடிப்பு விட்டன, கதவு தொங்கிற்று. வெளியே பளபளப்புச் சிறிதும் குன்றவில்லை. உள்ளே இருந்தது மரத்தூள் பலகை. விற்றவரைக் கேட்டபோது, நீரால் விளையும் சேதம் உத்தரவாதத்தில் அடங்காது என்று அச்சிட்ட வரியைக் காட்டினாராம். பலகை பருத்ததேயன்றித் தவணை இளைக்கவில்லை. இன்னும் ஓராண்டு கட்டவேண்டியிருந்தது.

மரத்தூள் பலகையே தீயது என்று இதனால் கொள்ளலாகாது. உலர்ந்த இடத்தில், சுவரில் மாட்டும் மேற்பெட்டிகளில், அது பல்லாண்டு உழைக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலான சமையலறைகள் அதனாலேயே ஆனவை. அங்கே தரையில் வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவும் வழக்கம் இல்லை. நமக்கோ வெள்ளிக்கிழமைதோறும் அது வேண்டும். ஆகவே தரையில் நிற்கும் பெட்டிகளுக்கு, சிறப்பாகத் தொட்டியின் கீழ் நிற்பதற்கு, ஐ.எஸ். 710 என்னும் தர எண் பொறித்த பிளைவுட்டையே கேட்டு வாங்க வேண்டும். அத்தரத்துப் பலகையின் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிப்பது விதி. பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று நாமே குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் வாயால் கூறும் 'வாட்டர் புரூப்' என்னும் சொல்லுக்கு மதிப்பில்லை. மரத்தூள் பலகையிலும் ஈரம் தாங்கும் வகை உண்டு. அதன் உட்புறம் பச்சையாக இருக்கும் என்று காட்டுவர். பச்சை நிறம் அடையாளத்துக்காகச் சேர்க்கும் சாயமேயன்றி, நீரைத் தடுப்பது அதுவன்று. சாயத்தை எவரும் சேர்க்கலாம். தில்லிவாசிகளுக்கு ஒரு வசதி, பிளைவுட் ஆலைகள் நிறைந்த யமுனாநகர் அண்டையில் ஹரியானாவிலேயே இருப்பது. வண்டிக் கூலி அதிகமில்லை.

சட்டத்தை நீக்கிவிட்டதால் பலகையின் வெட்டுவாய் வெளியே தெரியும். ஈரம் நுழைவதும் அவ்வழியேதான். பழைய முறையில் சட்டம் செய்த காவலை இம்முறையில் விளிம்புப் பட்டை செய்கிறது. 'எட்ஜ் பேண்ட்' எனப்படும் அப்பட்டையைப் பொறியில் கொடுத்து, உருகிய பசையால் அழுத்தி ஒட்டுவதே முறை. மிஸ்திரி வீட்டிலேயே அமர்ந்து கையால் ஒட்டும் பட்டை அடுப்பின் வெப்பத்தில் நாளடைவில் உரிந்துவிடக் காண்கிறோம். கதவுகளுக்கு 2 மி.மீ. பட்டையும், உட்பலகைகளுக்கு 0.8 மி.மீ. பட்டையும் போதும். கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் பட்டை ஒட்டப்பட்டுள்ளதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அங்கே ஒட்டாமல் விடுவது சில பட்டறைகளின் சிக்கனம். அச்சிக்கனம் அவர்களுடையதேயன்றி நம்முடையதன்று. சன்மைக்கா ஒட்டும்போது கதவின் இருபுறமும் ஒட்டவேண்டும். ஒருபுறம் மட்டும் ஒட்டினால் கதவு வளையும்.

கீல்களைப் பொறுத்தவரை, இரண்டரை அடி உயரக் கதவுக்கு இரண்டு போதும். ஓசையின்றி மெல்ல மூடும் கீல் ஒன்று, சாதாரணக் கீலைவிட விலை கூடியது. அது வசதியேயன்றித் தேவையன்று. கீலின் கையில் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். விலைச்சீட்டில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றா என்று ஒத்துப் பார்த்தால் போதும். எஃகுக் கம்பிக் கூடைகளோ கடைக்காரர்களின் உண்மையான அறுவடை. மூலையில் சுழலும் கூடையும், பாட்டில்களுக்கான இழுகூடையும் கண்காட்சியில் அழகாகத் தோன்றும். அவற்றின் விலைக்கு எத்தனை வெறும் பெட்டிகள் வரும் என்று கேட்டுப் பார்த்தால் ஆசை தானே அடங்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். எழுத்தர் வேலையில் நமக்குக் கைவந்தது அது ஒன்றுதானே! பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440 மி.மீ.க்கு 1220 மி.மீ. அளவில் வருகிறது. தரைப்பெட்டி 720 மி.மீ. உயரமும் 560 மி.மீ. ஆழமும் உடையது. ஒரு பலகையின் அகலத்தில் 560 இருமுறையும், நீளத்தில் 720 மும்முறையும் அடங்கும். ஆக ஆறு பக்கப் பலகைகள். 10 அடிச் சுவருக்கு 600 மி.மீ. பெட்டிகள் ஐந்து வேண்டும். அவற்றுக்குப் பக்கங்கள் பத்து. முதற் பலகையில் ஆறு, இரண்டாம் பலகையில் நான்கு. இரண்டாம் பலகையின் மிச்சத்தில் அடித்தட்டு இரண்டு. மூன்றாம் பலகையில் எஞ்சிய அடித்தட்டு மூன்றும், பெட்டிக்கு ஒன்றாக உள்தட்டு ஐந்தும் கச்சிதமாக அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ஏறத்தாழ மூன்றரை அங்குல அகலத்தில் நீண்ட துண்டு மீறும். அதைக் கழிவென்று பட்டறையில் விட்டுவிட்டு வருவோர் உண்டு. பெட்டியின் மேல்வாயில் குறுக்கே வைக்கும் பட்டிகள் பத்தும் அத்துண்டுகளிலிருந்தே கிடைத்துவிடும். முதுகுகளுக்கு 6 மி.மீ. பலகை ஒன்று, கதவுகளுக்கு 18 மி.மீ. பலகை ஒன்று. ஆகமொத்தம் 10 அடி நீளத் தரை அலமாரிக்குத் தடித்த பலகை நான்கு, மெல்லிய பலகை ஒன்று, கதவு பத்துக்குக் கீல் இருபது. இழுப்பறை வைத்தால் இக்கணக்குச் சிறிது கூடும். பலகை விலையும் கீல் விலையும் கடைவீதியில் அன்றன்றைக்குக் கேட்டறியக் கூடியவையே. அவற்றைப் பெருக்கி, சன்மைக்காவும் பட்டையும் பட்டறைக் கூலியும் கூட்டிய தொகையைக் கண்காட்சிக் கூடத்தின் விலைச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அன்பர், விளக்கொளிக்கும் வெண்ணிறத் தரைக்கும் தாம் எவ்வளவு கொடுக்கவிருந்தார் என்பதை அறிந்துகொள்வார்.

இவ்வகைப் பட்டறைகளுக்குத் தில்லியில் கீர்த்தி நகரே பேர்போனது. மரக்கடைகளும் பலகைக் கடைகளும் அறுவைப் பொறிகளும் ஒரே வட்டாரத்தில் உள்ளன. பச்சைத் தடத்திலும் நீலத் தடத்திலும் மெட்ரோ செல்கிறது. பலகையை ஒரு கடையில் வாங்கி, வெட்டித் துளையிட்டுப் பட்டை ஒட்டும் வேலையைப் பொறியுள்ள பட்டறையில் கொடுத்து, பொருத்துவதற்கு மட்டும் மிஸ்திரியை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளலாம். முழுவதையும் வீட்டில் வைத்தே செய்யும் மிஸ்திரியின் கூலி குறைவே. ஆயினும் பொறியின் நேர்வெட்டும் பொறியின் பட்டையும் அங்கே கிட்டா. சட்டமில்லா அலமாரிக்கு நேர்வெட்டு இன்றியமையாதது. அரை நூல் பிசகினாலும் மறைப்பதற்கு முன்னே சட்டம் இல்லை. இரு கதவுகளுக்கிடையே உள்ள இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் காட்டிக் கொடுத்துவிடும்.

விலை பேசும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூறுவது இத்தொழிலின் வழக்கம். எந்தச் சதுர அடி என்பதை எவரும் தாமாகக் கூறுவதில்லை. மேலே நாம் கணக்கிட்ட அதே ஐந்து பெட்டிகளை முகப்பளவில் மட்டும் அளந்தால் ஏறத்தாழ 23 சதுர அடி. பக்கம், அடித்தட்டு, உள்தட்டு, கதவு ஆகிய அனைத்தையும் அளந்தால் 100 சதுர அடி! முதல்வர் கூறும் விலை இரண்டாமவர் விலையைப் போல் மூன்று மடங்காயினும் முதல்வரே மலிவாக இருக்கக்கூடும். ஆகவே சதுர அடி விலையைக் காதில் போட்டுக்கொள்ளாமல், இன்ன அளவில் இத்தனை பெட்டி, இன்ன பலகை, இன்ன கீல், பொருத்துக் கூலி, வரி உட்பட மொத்தம் இவ்வளவு என்று எழுதி வாங்குவதே தக்கது.

நம் குடியிருப்பைச் சேர்ந்த முதிய மாமி ஒருவருடன் கீர்த்தி நகர் சென்றிருந்தோம். பட்டறைக்காரர் இழுப்பறையை ஒரு விரலால் இழுத்துக் காட்டினார். மாமி அதனை மெச்சவில்லை. "ஏன் தம்பி, இதிலே என் கிரைண்டரைத் தூக்கி வைத்தால் தாங்குமா என்று அவரைக் கேளுங்கள்" என்றார். கேள்வியை இந்தியில் பெயர்த்தோம். பட்டறைக்காரருக்குக் கிரைண்டர் என்றால் என்னவென்றே விளங்கவில்லை. மிக்சி என்றே எண்ணிக்கொண்டார். ஐரோப்பியர் வகுத்து, பஞ்சாபியர் செய்து, தமிழர் பயன்படுத்தும் பொருளில் இத்தகைய இடைவெளி நேர்வது இயல்பே. வகுத்தவர் வெட் கிரைண்டரையும் இட்லிக் கொப்பரையையும் கண்டதில்லை. பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட கிரைண்டரை இழுப்பறையிலும் மேற்பெட்டியிலும் வைத்தல் ஆகாது. தரைப்பெட்டியின் அடித்தட்டில், நடுவே ஐந்தாவது கால் ஒன்று கூடுதலாகக் கொடுத்து வைப்பதே நலம். கொப்பரைக்கும் பெரிய தோசைக்கல்லுக்கும் உள்தட்டு இல்லாத பெட்டி ஒன்று வேண்டும். வாங்கப் போகுமுன் வீட்டிலுள்ள மிகப் பெரிய பாத்திரத்தின் குறுக்களவை அளந்து எழுதிக்கொள்ளுதல் அவசியம்.

தரை கழுவும் வழக்கமுள்ள வீட்டில் பெட்டிகள் நான்கு அங்குலப் பிளாஸ்டிக் கால்களின் மேல் நிற்க வேண்டும். காலை மறைக்கும் பட்டி மரத்தாலன்றிப் பிளாஸ்டிக்காலோ அலுமினியத்தாலோ ஆனதாய், பிடித்து இழுத்தால் கையோடு வருவதாய் இருத்தல் நன்று. அக்கால்களைத் திருகி உயர்த்தவும் தாழ்த்தவும் கூடும். மேடையின் உயரம், நிற்பவரின் முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் தாழ்ந்திருந்தால் தோள் வலிக்காது. ஐரோப்பியருக்கு வழக்கமான 900 மி.மீ. நம் பெண்டிரில் பலர்க்கு உயரம் கூடியது. கட்டியவர் முன்னரே போட்டுத் தந்த கல்மேடை நல்ல நிலையில் இருப்பின் அதனை இடிக்க வேண்டுவதில்லை. மேடையடியின் உயரத்தை மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவுக்குப் பெட்டி செய்தால் போதும். எரிவாயு உருளையை மூடிய பெட்டிக்குள் அடைத்தல் கூடாது. கசியும் வாயு காற்றைவிடக் கனமானதாகையால் கீழேயே தேங்கும். உருளை நிற்கும் பெட்டிக்கு அடித்தட்டின்றி, கதவின் கீழ்ப்புறம் காற்றுப் போக வழியும் வைத்தாக வேண்டும்.

வாடகை வீட்டிலும் அரசாங்கக் குடியிருப்பிலும் வாழும் நமக்கெல்லாம் இது எதற்கு என்று சில அன்பர்கள் எண்ணக்கூடும். உண்மையில் இம்முறை பெரிதும் பொருந்துவது அவர்களுக்கே. கொத்தனார் கட்டியது வீட்டுக்காரருக்குச் சொந்தம். காலின் மேல் நிற்கும் பெட்டி நமக்குச் சொந்தம். மாற்றல் உத்தரவு வந்தால், அடுத்தடுத்த பெட்டிகளை இணைக்கும் திருகாணிகளைக் கழற்றி, பெட்டி பெட்டியாகவே லாரியில் ஏற்றலாம். பலகைகளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினால் திருகாணி பிடிப்பிழக்கும். ஆகவே பெட்டியைப் பிரிக்காமல் கொண்டு செல்ல வேண்டும். 600 மி.மீ. பெட்டி எந்த வாயிலிலும் நுழையும். இவ்வெண்ணம் உள்ளவர்கள் மூலைக்கென்று தனியளவில் பெட்டி செய்யாமல், 600, 450, 300 என்னும் அளவுகளோடு நின்றுவிடுதல் நன்று. புது வீட்டில் ஒட்டி நிற்கும் இடைவெளிக்கு ஒரு துண்டுப் பலகை அடித்துக்கொள்ளலாம். சுவரில் துளையிடும் மேற்பெட்டிகளுக்கு மட்டும் வீட்டுக்காரரிடமோ அலுவலகத்திலோ முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்கவும் வேண்டுவதில்லை. இவ்வாண்டு தரைப்பெட்டிகள்; அடுத்த போனஸில் மேற்பெட்டிகள்; கூடைகள் பின்னொரு காலத்தில். அளவு மாறாததால் நான்காண்டுகள் கழித்து வாங்கும் கீலும் அதே குழியில் அமரும். முகப்பு மங்கினால் கதவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மேலே கூறிய தவணை அன்பரும் அவ்வாறே செய்தார். தொட்டிப் பெட்டியை மட்டும் ஐ.எஸ். 710 பலகையில் புதிதாகச் செய்து, அடித்தட்டில் அலுமினியத் தகடு பொருத்தி, பழைய அக்ரிலிக் கதவையும் கீலையுமே அதில் மாட்டிக்கொண்டார். ஒரே பலகையில் வேலை முடிந்தது.

ஐந்து பெட்டிகளுக்கான வெட்டுப் படத்தை மி.மீ. அளவுகளுடன் வரைந்து சங்க நூலகத்தில் வைத்துள்ளோம். வேண்டும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வந்து படியெடுத்துக் கொள்ளலாம்.